உப்புத் தண்ணீருக்கும் நல்ல தண்ணீர் வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, சிவில்)



கடல் மீன் தொட்டி வைக்க என்ன வேண்டும் என்று நம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "உப்பு!" என்று கடைசி பெஞ்சு வரைக்கும் ஒரே குரலில் பதில் வரும். போன வருஷம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் உப்பு பெரிய விஷயமே இல்லை. காசு கொடுத்தால் பாக்கெட்டில் கிடைக்கிறது. அதைக் கரைக்கிற தண்ணீர் இருக்கிறதே, அதுதான் பெரிய விஷயம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டு இறால்களைக் கொன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகவே இந்தக் கட்டுரை.

நடந்தது இதுதான்

சனி, ஞாயிறுகளில் ஒரு கலர் மீன் கடையில் வேலை செய்கிறேன். கடை அண்ணன் ஆசையாக 120 லிட்டரில் ஒரு கடல் தொட்டி வைத்தார். அதில் 'நெமோ' படத்தில் வருகிற கோமாளி மீன் இரண்டு, மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்கிற, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட இறால் இரண்டு. தொட்டி பார்க்கவே கடைக்கு ஆட்கள் வருவார்கள்.

ஐப்பசி மழை நேரம். தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும், கடையில் ஃபில்டர் ரிப்பேர். "எங்க வீட்டுல மழைத் தண்ணி புடிச்சாந்து தரேண்ணா" என்று நானாகவே சொன்னேன். ஒலக்கூரில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து இரண்டு மழை விட்டு, மூன்றாவது மழையில் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்தேன். டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 14 காட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று நாள் கழித்து 20 லிட்டரை கேனில் ஊற்றி பஸ்ஸில் திண்டிவனம் கொண்டுபோனேன். கடையில் உப்பு கலந்து தொட்டியில் ஊற்றினோம்.

மறுநாள் காலையில் இரண்டு இறாலும் செத்துக் கிடந்தன. மீன்கள் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்தன.

"டேய், இன்னாடா ஊத்துன?"

"மழைத் தண்ணிதாண்ணா. மீட்டர்ல பதினாலுதான் காட்டுச்சு."

அண்ணன் திட்டவில்லை. கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துவிட்டு, "மீனு இருக்குது, இறாலு போச்சு. செம்பு மருந்து ஊத்துனாதாண்டா இப்படி ஆவும்" என்றார். கடல் மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்து போடுவார்கள். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செம்பு இருந்தால் கிருமி சாகும், மீன் தாங்கும். ஆனால் இறாலும் பவளமும் தாங்காது. எங்கள் தொட்டியில் யாரும் அந்த மருந்தைப் போடவில்லை. இருந்தாலும் செம்பு கிட் எடுத்துச் சோதித்தோம். நிறம் 0.25 கட்டத்துக்கு வந்து நின்றது.

செம்பு எங்கிருந்து வந்தது? வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் விஷயம் வெளியில் வந்தது. "பிளாஸ்டிக்குல வெச்சா தண்ணி கெட்டுப்பூடும்டா" என்று எங்கள் ஆயா, டிரம்மில் இருந்த மழைத் தண்ணீரைச் செப்புத் தவலைக்கு மாற்றி வைத்திருக்கிறது. அதுவும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து! நானும் கவனிக்காமல் தவலையிலிருந்தே மொண்டு கேனில் ஊற்றியிருக்கிறேன். அடியில் மிச்சம் இருந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். 1க்கும் 2க்கும் நடுவில் காட்டியது. 1.5 மி.கி. என்றே வைத்துக்கொள்வோம். அது 20 லிட்டர், தொட்டி 120 லிட்டர். ஆறில் ஒரு பங்கு. 1.5ஐ ஆறால் வகுத்தால் 0.25. கணக்கு சரியாக இருந்தது.

இதில் மூன்று பாடம் இருக்கிறது. ஒன்று, மழைத் தண்ணீரில் உப்புகள் கிடையாது, லேசான அமிலத் தன்மையும் உண்டு. அதனால் உலோகத்தை எளிதாகக் கரைக்கும். இரண்டு, தேய்த்துப் பளபளக்கும் செம்பில் பாதுகாப்பாக இருக்கும் பழைய படலம் போய்விடுகிறது, இன்னும் வேகமாகக் கரையும். மூன்று, அந்த ஒன்றரை மில்லிகிராம் டி.டி.எஸ். மீட்டரில் ஒன்றிரண்டு எண்கள்தான். 14 என்பது 16 ஆகியிருக்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

மீட்டர் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

டி.டி.எஸ். மீட்டர் என்பது உண்மையில் மின்கடத்தல் மீட்டர். இரண்டு முனைகளுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்க்கிறது. அதை ஒரு எண்ணால் (0.5 முதல் 0.7 வரை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பெருக்கி, "இவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது" என்று காட்டுகிறது. எவ்வளவு என்று சொல்லும். என்னது என்று சொல்லாது. கால்சியமா, நைட்ரேட்டா, செம்பா என்பது அதற்குத் தெரியாது. மின்சாரம் கடத்தாத பொருள் என்றால் அது கண்ணுக்கே தெரியாது. கரைந்த சிலிக்கா, பூச்சிமருந்து எல்லாம் அந்த வகை.

ஆகவே மீட்டரில் எண் அதிகம் காட்டினால் அந்தத் தண்ணீரை ஒதுக்கிவிடலாம். குறைவாகக் காட்டினால், சோதனை இனிமேல்தான் ஆரம்பம் என்று அர்த்தம்.

கடல் நீர் என்றால் என்ன?

ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் குளோரைடு 19 கிராம், சோடியம் 10.7, சல்பேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம் அளவில். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலார் பகுத்து 1884ல் வெளியிட்டார். எந்தக் கடலில் எடுத்தாலும், மொத்த உப்பு கூடினாலும் குறைந்தாலும், ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை என்பது அவர் உறுதி செய்த உண்மை. கடல் உயிர்கள் அந்த விகிதத்துக்குப் பழகியவை.

இங்கே நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு கேள்வி வரும். "மரக்காணத்துல உப்பளமே இருக்குது, அந்த உப்பைக் கரைச்சா ஆவாதா?" ஆகாது. உப்பளத்தில் கடல் நீரைப் பாத்தி பாத்தியாகக் காய வைக்கிறார்கள். நீர் சுண்டச் சுண்ட முதலில் கால்சியம் ஜிப்சமாகப் படிந்துவிடும். டிகிரி மீட்டரில் 25 வரும்போது சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். 30 ஆவதற்குள் மிச்சமிருக்கும் கசப்புத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் அந்தக் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். நம் கைக்கு வருவது கடலின் ஒரு பகுதி மட்டும்தான். சாம்பாருக்கு அது போதும், கடல் மீனுக்குப் போதாது. மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையில் எல்லாம் விகிதப்படி சேர்த்திருப்பார்கள். சுத்தமான தண்ணீரில் கரைப்போம் என்று நம்பித்தான் அந்த விகிதத்தையும் போட்டிருப்பார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது நம் வேலை.

எந்தத் தண்ணீர் எப்படி?

நேரடிக் கடல் நீர்: திண்டிவனத்திலிருந்து ஏறக்குறைய 35 கி.மீ.யில் மரக்காணம். அந்தப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் இறால் குஞ்சு பொரிப்பகங்கள் கடல் நீரை வைத்தே தொழில் நடத்துகின்றன. சென்னை மெரினாவில் 1909ல் திறந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்ட பழைய மீன் காட்சிசாலையும் கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்ததுதான். ஆனால் பொரிப்பகங்களில் கடல் நீரை அப்படியே ஊற்றுவதில்லை. மணல் வடிகட்டியில் விட்டு, குளோரின் போட்டுக் கிருமியைக் கொன்று, காற்று விட்டு, மிச்சக் குளோரினை சோடியம் தயோசல்பேட்டால் போக்கிவிட்டுத்தான் பயன்படுத்துவார்கள். நாம் கரையில் நின்று குடத்தில் மொண்டால் அலை கலக்கிய மண்தான் வரும். கழிமுகத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் அருகில் எடுக்கவே கூடாது. மழைக் காலத்தில் ஆற்று நீர் கலந்து உப்பு குறைந்துவிடும். ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025, 1.026 வருகிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வண்டி வாடகையையும் சேர்த்தால் உள்ளூர்க்காரருக்குக் கட்டுப்படியாகாது.

போர் தண்ணீர்: எங்கள் வீட்டு போரில் மீட்டர் 1,180 காட்டுகிறது. முதலாண்டு கெமிஸ்ட்ரி லேபில் ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 20 மி.லி. தண்ணீர், பஃபர், எரியோகுரோம் பிளாக் டி இரண்டு துளி, ஒயின் சிவப்பு நீலமாக மாறும்வரை பியூரெட். எங்கள் போர் தண்ணீருக்கு 10.4 மி.லி. ஆனது. 0.01 மோலார் கரைசலில் 1 மி.லி.க்கு 1 மி.கி. கால்சியம் கார்பனேட். ஆக, லிட்டருக்கு 520 மி.கி. கடினத்தன்மை. இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500, 2012) 200 வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி.

ஆனால் ஒன்று, கடின நீர் என்பதாலேயே கடல் தொட்டிக்குக் கெட்டது என்று சொல்ல முடியாது. கடலிலேயே கால்சியம் நிறைய இருக்கிறது. கெடுப்பது அதனோடு கூட வருகிற நைட்ரேட்டும் சிலிக்காவும். ஒரு கணக்குப் போடுவோம். நம் வெயிலுக்கு 120 லிட்டர் தொட்டியில் தினம் ஒன்றரை லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 45 லிட்டர். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே இருக்கும். அதனால் குறைந்ததை உப்பில்லாத தண்ணீரால்தான் நிரப்புவார்கள். அந்தத் தண்ணீரில் நைட்ரேட் 45 மி.கி. (குடிநீருக்கு இதுதான் உச்ச அளவு) இருந்தால் மாதம் 2,025 மி.கி. தொட்டிக்குள் போகிறது. லிட்டருக்குக் கிட்டத்தட்ட 17 மி.கி. ஒவ்வொரு மாதமும் ஏறும். இது மீன் கழிவால் வருவது போக! சிலிக்கா சேர்ந்தால் கண்ணாடியெல்லாம் காப்பித்தூள் பூசின மாதிரி பழுப்புப் பாசி பிடிக்கும். நாம் சட்டப்படி குடிக்கலாம் என்கிற தண்ணீர்தான் இத்தனையும் செய்கிறது. கொதிக்க வைத்தாலும் பயனில்லை. தற்காலிகக் கடினத்தன்மை கொஞ்சம் போகும், மற்றதெல்லாம் சுண்டிப் போய் அடர்த்தி கூடும்.

குழாய்த் தண்ணீர்: மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். நமக்கு அது பாதுகாப்பு, மீன் செவுளுக்கு அது எரிச்சல். வாளியில் ஒருநாள் காற்று விட்டு வைத்தால் குளோரின் போய்விடும். மூலத் தண்ணீர் போராக இருந்தால் மேலே சொன்ன கதைதான்.

ஏரித் தண்ணீர்: உரம், சாணி, பூச்சிமருந்து எல்லாம் மழையோடு ஏரிக்குத்தான் வருகிறது. வேண்டாம்.

கேன் தண்ணீர்: ஒரு கேன் 40 காட்டும், அடுத்த கேன் 120 காட்டும். அவசரத்துக்கு ஆகும். ஆனால் ஒவ்வொரு கேனையும் சோதிக்க வேண்டும்.

ஆர்.ஓ. தண்ணீர்: சவ்வு நல்ல நிலையில் இருந்தால் கரைந்ததில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு டி.ஐ. என்கிற அயனிப் பரிமாற்ற ரெசின் வைத்தால் மீட்டர் 0 காட்டும். கடல் தொட்டிக்காரர்கள் பெரும்பாலும் நம்புவது இதைத்தான். வீட்டு ஆர்.ஓ.வில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சிலதில் ருசிக்காகப் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் திருகு இருக்கும். சிலதில் உடம்புக்கு நல்லது என்று செம்பு சேர்க்கும் குழாயே வைத்திருப்பார்கள். எங்கள் ஆயாவின் தவலைதான் மிஷினுக்குள் உட்கார்ந்திருக்கிறது! அந்தத் தண்ணீர் இறால் தொட்டிக்கு ஆகாது. இன்னொன்று, ஒரு லிட்டர் எடுக்க அதைவிட அதிகமாகத் தண்ணீர் வெளியே போகும். அதைச் சாக்கடைக்கு விடாமல் தரை கழுவப் பிடித்து வைக்கலாம்.

ஏ.சி. தண்ணீர், பேட்டரி தண்ணீர்: ஏ.சி.யில் சொட்டுவது வாலைவடி நீர் மாதிரிதானே என்று ஒரு நண்பன் கேட்டான். அது செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் உள்ள காயில் மீது வழிந்து வருகிறது. அதனால் தொடவே வேண்டாம். பேட்டரி தண்ணீர் சுத்தமாக இருந்தால் ஆகும், ஆனால் விலை கூடும். அதையும் சோதித்துத்தான் ஊற்ற வேண்டும்.

மழை நீர்: இத்தனைக்குப் பிறகும் நம் ஊருக்கு நான் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டில் 2003ல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது, மாடியில் குழாயும் இருக்கிறது. முதல் ஒன்றிரண்டு மழையை விட்டுவிட வேண்டும், கூரைத் தூசியும் பறவை எச்சமும் அதில் போய்விடும். துத்தநாகம் பூசின தகரக் கூரையில் பிடிக்கக் கூடாது. உணவுப் பொருள் வைக்கும் பிளாஸ்டிக் டிரம்மில் மூடி வைக்க வேண்டும். பித்தளை, செம்பு, தகரம் எதுவும் நடுவில் வரக்கூடாது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வைக்க வேண்டும்!

சோதிக்கும் வரிசை

1. கண்ணும் மூக்கும்: கலங்கலோ, குளோரின் வாசனையோ, பாசி வாசனையோ இருந்தால் அங்கேயே நிறுத்தி விடுங்கள்.

2. டி.டி.எஸ்.: 0க்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நல்ல மழை நீர் 10, 20க்குள் இருக்கும். தினம் எடுக்கும் ஆர்.ஓ. தண்ணீரில் எண் மெல்ல ஏறினால் சவ்வு தேய்கிறது என்று அர்த்தம். இந்த வேலைக்கு மீட்டர் மிகவும் உதவும்.

3. குளோரின்: ஊராட்சிகளில் வைத்திருக்கிற குளோராஸ்கோப் சோதனைதான். சொட்டு விட்டால் மஞ்சள் ஏறக் கூடாது.

4. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட்: சொட்டு மருந்துக் கிட்டுகள் கிடைக்கின்றன. புதுத் தண்ணீர் ஆதாரம் என்றால் கட்டாயம் ஒருமுறை. பிறகு பருவம் மாறும்போது.

5. செம்பு: இறால், நத்தை, பவளம் இருந்தால் ஒவ்வொரு முறையும்.

6. உப்பு கலந்தபின்: ஒருநாள் காற்று விட்டு வைத்து, ஒப்படர்த்தி 1.025, பி.எச். 8.1 முதல் 8.3 வரை இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகுதான் தொட்டி.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. நான் டிரம்மில் சோதித்தேன், தவலையிலிருந்து ஊற்றினேன். அதுதான் தப்பு. தண்ணீர் பிறந்த இடத்தில் சோதித்தால் மட்டும் போதாது. கடைசியாக எந்தப் பாத்திரத்திலிருந்து தொட்டியில் ஊற்றப் போகிறோமோ, அதிலிருந்து எடுத்துச் சோதிக்க வேண்டும். வந்த வழியெல்லாம் தண்ணீர் எதையாவது வாங்கிக்கொண்டுதான் வரும்.

கடைசியாக...

தொட்டியில் கரித்தூள் வடிகட்டி போட்டு, நல்ல தண்ணீரால் பலமுறை மாற்றி, செம்பு 0க்கு வர மூன்று வாரம் ஆனது. அதன் பிறகே புது இறால் விட்டோம். பழைய இரண்டின் விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அண்ணன் அதைப் பிடிக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, தொட்டி பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். "தேதி, எந்தத் தண்ணி, எந்தப் பாத்திரம், மீட்டர் எவ்வளவு, செம்பு எவ்வளவு, எல்லாம் எழுதுடா. எழுதாம ஒரு சொட்டு ஊத்தக்கூடாது" என்றார். இன்றுவரை எழுதி வருகிறேன்.

ஆயாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அது நம்பவே இல்லை. "அந்தத் தவலைத் தண்ணியைத்தானேடா நாம காலங்காலமா குடிக்கிறோம்? நமக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டது. நியாயமான கேள்வி. குடிநீருக்கு வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் செம்பு 1.5 மி.கி. வரை அனுமதி உண்டு. அதில் ஆறில் ஒரு பங்கே இறாலுக்கு எமன். வேடிக்கை என்னவென்றால், இறாலின் ரத்தமே செம்பை வைத்துத்தான் ஆக்சிஜனைச் சுமக்கிறது. தேவையான பொருள்கூடத் தண்ணீரில் தனியாகக் கரைந்து வந்தால் அதன் செவுளைக் கெடுத்துவிடுகிறது.

நண்பர்களே, இது மீன் தொட்டியோடு முடிகிற விஷயம் இல்லை. சிவில் படிக்கும் நாம் நாளைக்கு சைட்டில் நிற்கும்போது மேஸ்திரி "நல்ல தண்ணிதான் சார்" என்பார். ஐ.எஸ். 456 (2000) சொல்கிறது: கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு 500 மி.கி.க்கு மேல் கூடாது, சல்பேட் 400க்கு மேல் கூடாது, பி.எச். 6க்குக் குறையக் கூடாது. மெக்கானிக்கல் நண்பர்கள் பாய்லருக்குக் கடினத்தன்மை பார்ப்பார்கள், ஆட்டோமொபைல் நண்பர்கள் பேட்டரிக்கு வேறு பார்ப்பார்கள். ஒருவருக்கு நல்ல தண்ணீர் இன்னொருவருக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "நல்ல தண்ணீர்" என்று யாராவது சொன்னால் நாம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: எதற்கு நல்லது? எதில் வைத்தது?

இந்த இரண்டு கேள்வியையும் நான் அன்றைக்கே கேட்டிருந்தால் அந்த இரண்டு இறாலும் பிழைத்திருக்கும். நீங்களாவது கேளுங்கள்.